மிட்டுவுக்கு எந்த டெஸ்ட், எது வேண்டாம்?

எங்கள் பூனை மிட்டுவுக்குச் சர்க்கரை. இன்சுலின் போட்டும் தண்ணீர்த் தாகம் அடங்கவில்லை, எடையும் ஏறவில்லை. இன்னும் சில டெஸ்ட் பார்க்கலாம் என்றார் டாக்டர். கிளியனூரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "மனுசங்களுக்கே பார்க்க வழியில்ல, பூனைக்கு எதுக்குடி ஸ்கேன்?" என்கிறார் அம்மா. அதிலும் நியாயம் உண்டு.

அதனால் ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரே கேள்வி வைத்தேன்: முடிவு தெரிந்தால் வைத்தியம் மாறுமா?

ஃப்ரக்டோசமைன்: மாறும். கூடையில் அடைத்துத் திண்டிவனம் கொண்டுபோகிற பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை எகிறும். இந்த ரத்தப் பரிசோதனை கடந்த 2, 3 வாரச் சராசரியைக் காட்டும்.

சிறுநீர் கல்ச்சர்: மாறும். வெளியே தெரியாத தொற்று இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது.

வயிற்று ஸ்கேன்: வாந்தி எடுத்தாலோ சாப்பிட மறுத்தாலோ கணையத்தைப் பார்க்க வேண்டும். இப்போது அவசரமில்லை.

ஐஜிஎஃப்-1: 2015இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், 1221 சர்க்கரைப் பூனைகளில் கால்பங்குக்கு மேல் இந்த ஹார்மோன் மிகுந்திருந்தது, பிட்யூட்டரி கட்டியின் அறிகுறியாக இருக்கலாம். டோஸை ஏற்றியும் கட்டுப்படாவிட்டால் பார்ப்போம்.

ஆக, முதல் இரண்டு மட்டும். பால்சோறும் நிறுத்தியாச்சு, இனி மீனும் கோழியும்தான், அதற்கேற்ற டோஸை டாக்டர் சொல்வார். சீக்கிரம் கட்டுக்குள் வந்தால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போகிறது. அந்த வாய்ப்புக்கு இந்தச் செலவு தகும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.