வியாழக்கிழமைப் பட்டியல்

குளிர்காலத்தில் மெல்பர்னின் எந்தப் புறநகர் மைதானத்துக்குப் போனாலும், உடைமாற்றும் அறையைக் கடக்கும்போது வருவது ஒரே வாசனைதான், ஈரம் காயாத சிமெண்ட் தரை, நனைந்த தோல் பந்து, பூட்ஸில் ஒட்டிய சேறு, இவை எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு கண்ணைக் கரிக்கிற யூகலிப்டஸ் தைலம். ஆட்டக்காரர்கள் தொடையிலும் கெண்டைக்காலிலும் தேய்த்துக்கொள்கிற அந்தத் தைல வாசனை கதவிடுக்கில் கசிந்து வந்ததும், நான் ஃபுட்ஸ்க்ரேயில் நிற்கிறேன் என்பது மறந்து, குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலைக் குடியிருப்பில், தாத்தாவின் அறை வாசலுக்குப் போய்விடுகிறேன். இதில் வியக்க ஒன்றும் இல்லை, இரண்டு ஊரிலும் மணப்பது யூகலிப்டஸ்தான், டாஸ்மேனியாவிலும் விக்டோரியாவின் தென்கரையிலும் தானாக வளர்ந்த அதன் ஒரு வகையை 1840களில் நீலகிரிக்குக் கொண்டுவந்து விறகுக்காக நட்டார்கள், பிறகு அதன் இலையைக் காய்ச்சி எடுத்ததற்கு நாம் நீலகிரித் தைலம் என்று பேர் வைத்துவிட்டோம்.

தாத்தாவுக்கு மலை ஏறி இறங்கித் தேய்ந்த முழங்கால், விளக்கு வைத்ததும் பெஞ்சில் உட்கார்ந்து வேட்டியை மடித்துக்கொண்டு தைலம் தேய்ப்பார், தேய்த்த கையைத் துடைக்காமலே நீள நோட்டை எடுத்துப் பிரிப்பார், அதனால் அந்த நோட்டின் எல்லாப் பக்கத்திலும் தைலத்தின் மணமும் விரல் பட்ட எண்ணெய்க் கறையும் இருந்தன. குடியிருப்பில் யார் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தாலும் இரண்டு ஜாதகங்கள் அவரிடம் வரும், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டு, பத்துப் பொருத்தமும் பார்த்து முடித்த பிறகும் உடனே பதில் சொல்லமாட்டார், பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, பையன் கோபம் வந்தால் என்ன செய்வான், பெண் சண்டை போடுகிறவளா, சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறவளா என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். கட்டம் பாதிதான் சொல்லும், மீதியை ஆளைத் தெரிந்தவன் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி.

அதே மாதிரி பிரித்த நோட்டையும் காதில் சொருகிய பென்சிலையும் பல வருஷம் கழித்து, பூமியின் தென்கோடியில், ஒரு கயிற்றுத் தொழிலாளியின் சமையலறையில் பார்த்தேன். 1989 அக்டோபரில் ஃபுட்ஸ்க்ரே கால்பந்து அணியை ஃபிட்ஸ்ராய் அணியோடு இணைத்துவிடுவதாக அறிவிப்பு வந்து, மேற்குப் புறநகர் முழுக்கத் தகர டப்பாவோடு வீதியில் இறங்கிய நாட்கள் அவை, பணம் கேட்டு என் கதவைத் தட்டியவர்களில் பக்கத்து வீட்டுப் பெரியவரும் ஒருவர். பணம் சேர்ந்தது, அணி பிழைத்தது, மறு வருஷம் குளிர்காலம் தொடங்கியதும், வியாழக்கிழமை சாயங்காலம் வந்து தேநீர் குடி சன் என்று வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கூப்பிட்டார். சமையலறையில் கருகின ரொட்டி வாசனை, கெட்டிலின் ஆவி படிந்து மங்கலான ஜன்னல், அதற்கு அந்தப் பக்கம் ஐந்தரை மணிக்கே இருட்டு, கின்னியர்ஸ் கயிற்றுத் தொழிற்சாலையில் ஆயுளைக் கழித்த அவருடைய உள்ளங்கைகள் நார் அறுத்து அறுத்துப் பட்டை தட்டியிருந்தன, பென்சிலை அந்தக் கையால் பிடிப்பது ஒரு பெரிய காரியமாகத் தெரியும். மேஜைமேல் வாரந்தோறும் அன்று மாலை அணிப் பட்டியலை வாசிக்கும் வானொலி, வானொலிக்கு முன்னால் நோட்டு, அதில் முன்கூட்டியே கோடு போட்டு வைத்திருப்பார்.

ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஆட்டத்தை அறியாதவர்களுக்கு அந்தக் கோடுகளைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீள்வட்ட மைதானம், ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், பட்டியலில் அவர்களை வரிக்கு மூன்று பேராக ஆறு வரியில் எழுதுவார்கள், தற்காப்பு வரி, அரைத் தற்காப்பு வரி, மைய வரி, அரை முன்வரிசை, முன்வரிசை, கடைசியாக இடம் என்று ஒன்று இல்லாமல் பந்தோடு போகிற ரக்மேன், ரக் ரோவர், ரோவர் மூவரும். பெரியவர் நம் அணியை மேலிருந்து கீழாக எழுதுவார், எதிரணியைத் தலைகீழாக, நம் ஃபுல் பேக்குக்கு நேர் எதிரே அவர்களுடைய ஃபுல் ஃபார்வர்ட் வரும்படி, நம் வலது ஓரத்துக்கு அவர்களின் இடது ஓரம் வரும்படி எழுதுவார், வானொலியில் பெயர் வாசித்து முடிந்ததும் பதினெட்டு ஜோடி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை, பென்சில் காதுக்குப் போகும், கண் ஜன்னலுக்குப் போகும், ஒவ்வொரு ஜோடியாக ஆளை விசாரிக்க ஆரம்பிப்பார்.

அவரிடம் உயரக் கணக்கும் கோல் கணக்கும் செல்லாது. இவன் பந்துக்கு இடது தோளைக் கொடுத்துத் திரும்புகிறவன், அதனால் அவனுக்கு இடது காலால் உதைக்கிற தற்காப்பாளனைப் போடக் கூடாது, இவன் எகிறிப் பிடிக்க ஆசைப்படுகிறவன், ஃபுல் பேக்குக்கு அந்த ஆசை ஆகாது, பின்னாலிருந்து கைமுட்டியால் பந்தைத் தட்டிவிட்டால் போதும் என்கிற அடக்கம் வேண்டும், அவன் காய்ந்த தரையில் ராஜா, மழை வந்தால் கையை உள்ளே இழுத்துக்கொள்வான், இப்படிப் போகும். அந்தக் காலத்து ஃபுல் பேக்குகளின் பாடு பெரும்பாடு, ஒரு வாரம் டோனி லாக்கெட், ஒரு வாரம் ஜேசன் டன்ஸ்டல், ஒரு வாரம் கேரி ஆப்லெட், மூவருமே ஆயுளில் ஆயிரம் கோலைத் தாண்டியவர்கள், லாக்கெட்டின் 1360 இன்றுவரை யாரும் தொடாத எண். லாக்கெட் வருகிற வாரம் பெரியவர் அந்த ஜோடியைக் கடைசியில்தான் எடுப்பார், அதற்கு முன்னால் எழுந்து போய் ஒரு தடவை கெட்டிலை வைத்துவிட்டு வருவார்.

அவருக்குப் பிடித்த ஜோடி பேச்சு லிபரேட்டோரைப் பற்றியது. டோனி லிபரேட்டோரின் உயரம் 163 சென்டிமீட்டர், நார்த் மெல்பர்னில் இரண்டாம் அணியோடு நிறுத்திவிட்டார்கள், ஃபுட்ஸ்க்ரே வந்தும் இரண்டாம் அணியில் காலம் போனது, அங்கே பதக்கம் வாங்கியும் முதல் அணிக்கு இவன் உருவம் போதாது என்று தேர்வுக் குழுக்கள் தயங்கிக்கொண்டே இருந்தன. 1990இல் லீக்கின் மிகப் பெரிய தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கம் அவருக்குக் கிடைத்தது. ரக்மேன்கள் எவ்வளவு உயரத்தில் தட்டினாலும் பந்து கடைசியில் தரைக்குத்தானே வரும், உயரமானவன் குனிவதற்குள் இவன் அங்கே இருப்பான் என்று அந்த வருஷத்தின் முதல் வியாழக்கிழமைகளிலேயே பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார், விருதை அறிவித்த இரவில் அவர் குதிக்கவில்லை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை எங்கள் அணியின் மைதானமான வெஸ்டர்ன் ஓவல். ஜாம் டோனட் பையின் சூடு விரலில் இருக்க, ரயில் பாதையை ஒட்டி நடந்து போவோம், முதல் அணி ஆடுவதற்கு முன்னால் அதே மைதானத்தில் இரண்டாம் அணி ஆடிக்கொண்டிருக்கும், வியாழக்கிழமை பெயர் விட்டுப்போனவன் வெறும் இருக்கைகளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருப்பான், அதைப் பார்ப்பதற்காகவே பெரியவர் சீக்கிரம் வருவார், நீக்கப்பட்டவன் தலை குனிந்து ஆடுகிறானா, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுகிறானா என்பது அடுத்த வாரப் பட்டியலுக்கு முக்கியம் என்பார். அந்த மைதானத்துக் காற்று பேர்போனது, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அறுத்துக்கொண்டு போகும், காற்றுக்கு எதிராக ஆடும் கால் பகுதியில் பந்தைத் தரையோடு கொண்டு போகத் தெரிந்தவர்கள் வேண்டும் என்பதால், வெள்ளிக்கிழமை இரவு வேலியோரம் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு நோட்டில் ஒன்றிரண்டு பேரை அடிப்பது அவர் வழக்கம். மதியம் சாய்ந்தால் வெயில் பழுத்த ஆரஞ்சு நிறத்தில், சூடு இல்லாமல், மைதானத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் படுத்திருக்கும், இங்குள்ள கிழவர்கள் அந்தப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டு, கையை அக்குளில் வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள்.

இடைவேளையில் பழைய பட்டியல்கள் பேச்சில் வரும். 1954 இறுதிப் போட்டியில் ஃபுட்ஸ்க்ரே மெல்பர்னை 51 புள்ளியில் வென்றது, ஜாக் காலின்ஸ் ஏழு கோல், பெரியவர் அன்றைய பெயர்களை வரி வரியாக, ஓரம் மாறாமல் சொல்வார். 1970 பற்றிச் சொல்வார், கார்ல்டனும் காலிங்வுட்டும் 1,21,696 பேருக்கு முன்னால் ஆடிய இறுதிப் போட்டி, பாதி ஆட்டத்தில் 44 புள்ளி பின்தங்கிய கார்ல்டனின் பயிற்சியாளர் ரான் பராசி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த டெட் ஹாப்கின்ஸ் என்ற சிறிய ஆளை உள்ளே அனுப்பினார், ஹாப்கின்ஸ் நாலு கோல் போட்டார், கார்ல்டன் பத்துப் புள்ளியில் ஜெயித்தது. 1993இல் எஸ்ஸெண்டன் கோப்பையை வென்றபோது, அந்த வருஷம் ஒரு ஆட்டம் விடாமல் ஆடிய டெரெக் கிக்கெட்டை இறுதிப் போட்டிக்கு மட்டும் பயிற்சியாளர் கெவின் ஷீடி விட்டுவிட்டார், கிக்கெட் அதற்குப் பிறகு அந்த அணிக்கு ஆடவே இல்லை, சிட்னிக்குப் போய்விட்டார். எஸ்ஸெண்டன் 44 புள்ளியில் ஜெயித்ததால் தேர்வு சரிதான் என்று ஊர் சொன்னது, பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை, கிக்கெட் இருந்திருந்தாலும் ஜெயித்திருப்பார்கள், அவரும் பதக்கத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார் என்றார், எனக்கும் இன்றுவரை அதுதான் தீர்ப்பு.

ஹாப்கின்ஸின் மீதிக் கதையைப் பெரியவரிடம் பேசியதில்லை. கொஞ்ச ஆட்டங்களோடு கார்ல்டனை விட்டு விலகிய அவர், பிற்காலத்தில் சாம்பியன் டேட்டா என்ற புள்ளிவிவர நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரானார், இன்று லீக்கில் ஒவ்வொரு தொடுதலையும் ஒவ்வொரு உதையையும் எண்ணிக் கொடுப்பது அந்த நிறுவனம்தான். ஒரு பயிற்சியாளரின் கண் பார்த்துத் தேர்ந்தெடுத்த மனிதர், கண்ணால் பார்ப்பது போதாது என்று எண்ணத் தொடங்கினார், அவர் எண்ணியதில் பிழை இல்லை, எண்ணாமல் விட்டவை பேச்சிலிருந்தே போய்விட்டன என்பதுதான் என் வருத்தம்.

1997க்குப் பிறகு லீக் ஆட்டங்கள் வெஸ்டர்ன் ஓவலை விட்டுப் போய்விட்டன, அணியின் பெயர் அதற்கு முன்பே வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்று மாறியிருந்தது. இப்போதும் வியாழக்கிழமை மாலை பட்டியல் வருகிறது, கைபேசி ஒரு தரம் அதிர்ந்து அடங்குகிறது, அதே ஆறு வரி, வரிக்கு மூன்று பேர், ஆனால் அந்த இடங்களில் யாரும் நிற்பதில்லை, தற்காப்பு என்பது ஆளைக் காப்பதிலிருந்து பரப்பைக் காப்பதாக மாறிவிட்டது, ஒரு ஆட்டத்தில் 75 தடவை ஆள் மாற்றலாம், ஃபுல் பேக் என்று அச்சிட்டவர் எந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்பது பயிற்சியாளர் அறைக்குத்தான் தெரியும். 2019இல் விதி ஒன்று கொண்டுவந்தார்கள், மையத்தில் ஆட்டம் தொடங்கும்போதெல்லாம் இரண்டு முனையிலும் நடுவிலும் ஆறு ஆறு பேராக நிற்க வேண்டும் என்று, அந்தச் சில நொடிகள் மட்டும் மைதானம் பெரியவரின் நோட்டைப் போல இருக்கிறது, பந்து எழும்பியதும் கலைந்துவிடுகிறது. பட்டியல் வந்த கையோடு பந்தய விகிதம் பற்றிய விளம்பரமும் வருகிறது, பெயர்களை வாசிப்பவர்களில் பலர் ஆளைத் தேடுவதில்லை, தொகையைத் தேடுகிறார்கள்.

2016இல் புல்டாக்ஸ் 62 வருஷம் கழித்து மறுபடியும் இறுதிப் போட்டியில் ஜெயித்தபோது பெரியவர் இல்லை. அந்த வியாழக்கிழமை நான் ஒரு தாளில் கோடு போட்டு, சிட்னி அணியைத் தலைகீழாக எழுதிப் பார்த்தேன், லிபரேட்டோரின் மகன் டாம் பெயர் இருந்தது, அணித் தலைவர் பாப் மர்ஃபி பெயர் இல்லை, பருவத்தின் தொடக்கத்திலேயே முழங்கால் போய்விட்டது. எதிரே லான்ஸ் ஃபிராங்க்ளின், அவரை யார் பார்த்துக்கொள்வது என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது, ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் அவரைப் பின்னாலிருந்து துரத்திப் பிடித்து வீழ்த்தியவர் டேல் மோரிஸ், 33 வயது, ரூக்கி பட்டியல் வழியாக வந்தவர், முதுகெலும்பில் முறிவோடு ஆடிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது, சிதறிய பந்தை எடுத்து டாம் பாய்ட் தூரத்திலிருந்து கோல் போட்டார். பயிற்சியாளர் லூக் பெவரிஜ் மேடையில் தன் பதக்கத்தைக் கழற்றி மர்ஃபியின் கழுத்தில் போட்டார். வலியோடு ஓடக்கூடியவன் எவன் என்று எந்த எண்ணிக்கையும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது, ஆளைத் தெரிந்தவன் சொல்லியிருப்பான், அந்த நம்பிக்கை எனக்கு அன்று இரட்டிப்பானது, அதற்குப் பிறகு தாளை விட்டு நோட்டுக்கு மாறினேன்.

இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளும் மெல்பர்ன் மைதானங்களில் ஆடுகிறார்கள், பெண் குழந்தைகளும் ஆடுகிறார்கள், பெற்றோர்கள் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கைபேசியோடு காரிலேயே இருந்துவிடுகிறார்கள். இறங்கி வாருங்கள். வெயில் விழுகிற பக்கத்து வேலியில் கையை அக்குளில் வைத்துக்கொண்டு நிற்கிற கிழவர் ஒருவரிடம், இன்றைக்கு யாருக்கு எதிரே யாரைப் போட்டிருப்பீர்கள் என்று கேளுங்கள், 1954ஐக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் சிலர்தான் மிச்சம்.