பழைய வண்டிக்குப் புதுச் சக்கரம்

பழம்பொருளைப் பேண விழைவோனுக்கு அதனை அணிசெய்யும் ஆசையே முதற்பகையாகும். அரிசோனாப் பாலையில் ஓட்டுதற்பொருட்டு யான் வாங்கிய 1974-ஆம் ஆண்டுப் போர்டு பிராங்கோ வண்டி இவ்வுண்மையை எனக்குக் கற்பித்தது.

1966 முதல் 1977 வரை பெரும்பாலும் ஒரே வடிவிற் செய்யப்பெற்ற இவ்வண்டியில், பின்சக்கரத்திற்கென விடப்பட்ட இடைவெளி மிகச் சிறிது. நண்பர் பலர் 33 அங்குல டயரே பாலைக்கு ஏற்றதென்றனர். அவர் கூற்றிலும் பொருளுண்டு. அகன்ற டயரிற் காற்றைக் குறைத்தால் அது பரந்து படிந்து மணலிற் புதையாது செல்லும். உயர்ந்த டயர் அச்சினைக் கல்லுக்கு மேலே தூக்கி நிறுத்தும். ஆயின் அதனைப் பொருத்தப் பின்புறத் தகட்டை வெட்டவேண்டும். வெட்டுவாயை மறைக்கவும், வெளியே நீளும் டயர் வாரியெறியும் கல்லையும் சேற்றையும் தடுக்கவும், மட்கார்டின்மேல் அகன்ற விளிம்பொன்றைத் திருகிப் பொருத்தவேண்டும். 29 அங்குல டயருக்கமைந்த வேகமானியும் பொய்யுரைக்கும். அது 50 மைல் காட்டுங்கால் வண்டி ஏறக்குறைய 57 மைல் வேகத்திற் செல்லும்.

தேய்ந்த டயரை மாற்றலாம். சக்கரத்தை ஐந்து மரைகளைக் கழற்றி விலக்கலாம். வெட்டுண்ட தகடோ தன் பழந்தகட்டுக்கு மீளாது. ஆதலின் 15 அங்குல எஃகுச் சக்கரமும் 29 அங்குல டயருமே தேர்ந்தேன், விளிம்பு வேண்டாதாயிற்று. ஆழ்மணல் எதிர்ப்படின் திரும்பிவிடுகிறேன். எனக்குப்பின் இவ்வண்டியை ஆள்வோன் வெட்ட விரும்பின் வெட்டட்டும். அத்தெரிவை அவனுக்கு விட்டுவைத்தலே என் கடன்.