அருங்காட்சியகத்தில் ஒரு வகுப்பறை



2019ஆம் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் கியூபாவின் தலைநகரான ஹவானாவைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. ஆசிரியர்களும் பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருமாக 14 பேர் குழுவாகச் சென்றோம். ஒரு நாள் முழுவதும் நகரைச் சுற்றிப் பார்த்தோம். அன்று கண்டவற்றுள் நம் பணியோடு தொடர்புடைய சிலவற்றை மட்டும் இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஸ்பானியர்கள் ஹவானாவை இப்போதுள்ள இடத்தில் நிறுவியது 1519இல். நாங்கள் சென்றது அதன் 500ஆம் ஆண்டு நிறைவின்போது. பழைய நகரையும் அதன் கோட்டைகளையும் யுனெஸ்கோ 1982இல் உலக மரபுரிமைச் சின்னங்களாக அறிவித்தது. காலையில் முதலில் பிளாசா தெ ஆர்மாஸ் என்னும் சதுக்கத்திற்குச் சென்றோம். அங்கே ஒரு சிறு மண்டபமும் அதன்முன் ஓர் இலவமரமும் உள்ளன. நகரின் முதல் வழிபாடு அவ்விடத்தில் ஓர் இலவமரத்தடியில் நடந்தது என்பது மரபு. ஆண்டுதோறும் நவம்பர் 15ஆம் நாள் இரவில் மக்கள் வரிசையில் காத்திருந்து, மரத்தை மும்முறை சுற்றி வந்து வேண்டிக்கொள்வார்களாம். அரசமரத்தைச் சுற்றி வந்து வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையா? எதிரே ஆளுநர் மாளிகை. அதன் முன்னுள்ள தெருவில் கல்லுக்குப் பதிலாக மரக்கட்டைகள் பதிக்கப்பட்டுள்ளன. குதிரை வண்டிகளின் ஓசை ஆளுநரின் உறக்கத்தைக் கெடுக்காதிருக்கச் செய்த ஏற்பாடு என்று ஒரு கதை சொல்கிறார்கள்.

அங்கிருந்து மெர்காதேரஸ் தெருவழியே நடந்தோம். ஓர் அருங்காட்சியகத்தின் வாயிலில் வெண்சட்டையும் கழுத்தில் நீலத் துணியும் அணிந்த சிறுவர் சிறுமியர் வரிசையாக நின்றனர். சுற்றுலா வந்த மாணவர்கள் என்றே எண்ணினோம். வழிகாட்டி மறுத்தார். அவர்கள் அங்கே படிக்கும் பிள்ளைகள்!

நகரின் வரலாற்றறிஞராகப் பல்லாண்டுகள் பணியாற்றி 2020இல் மறைந்த எவுசேபியோ லெயாலின் தலைமையில் பழைய ஹவானா சீரமைக்கப்பட்டது. தொடக்கப்பள்ளிக் கட்டடங்களையும் பழுது பார்க்க வேண்டியிருந்தது. அப்பள்ளிகளின் மாணவர்களைத் தொலைவுக்கு அனுப்பவில்லை. அருங்காட்சியகங்களின் உள்ளேயே வகுப்பறைகளை அமைத்தனர். 1995இல் தொடங்கிய இத்திட்டம், பள்ளிகள் சீரமைக்கப்பட்ட பின்னும் தொடர்ந்தது. கணிதமும் மொழியும் வழக்கம்போல் நடைபெறும். அதனிடையே காட்சிக்கூடப் பொருள்களும் பாடமாகும். சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். மேசை, கரும்பலகை, சுவரில் மாணவர்களின் ஓவியங்கள். நம் வகுப்பறை போலவே இருந்தது. அப்பிள்ளைகளுக்கு அருங்காட்சியகம் தங்கள் பள்ளி. அங்குள்ள பொருள்கள் நாள்தோறும் கண்ணில் படும் பொருள்கள்.

பிற்பகலில் நகரின் மேற்கேயுள்ள எழுத்தறிவு அருங்காட்சியகத்திற்குச் சென்றோம். முன்பு இராணுவத் தலைமையகமாக இருந்த அவ்வளாகம், 1959க்குப் பின் பள்ளிகளின் வளாகமாக மாற்றப்பட்டது. 1961இல் ஏறக்குறைய 1 இலட்சம் இளையோர் கிராமங்களுக்குச் சென்று எழுத்தறிவித்தனர். பெரும்பாலோர் பதின்ம வயதினர். பாதிப் பேர் பெண்பிள்ளைகள். பகலில் விவசாயிகளோடு வயலில் உழைத்து, இரவில் விளக்கொளியில் கற்பித்தனர். அவ்வாண்டு ஜனவரியில் கொல்லப்பட்ட 18 வயதுத் தன்னார்வ ஆசிரியர் கொன்ராதோ பெனித்தேஸின் பெயரையே அந்த இளையோர் படை தாங்கியது. ஓராண்டிற்குள் 7 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் எழுதப் படிக்கக் கற்றனர். அந்தப் பாடநூலில் அரசியல் பிரசாரமும் கலந்திருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. இயக்கம் நிறைவுற்ற டிசம்பர் 22ஆம் நாளே அந்நாட்டின் ஆசிரியர் தினமாகும்.

கற்றவர்களுக்கு இறுதித் தேர்வு என்ன தெரியுமா? நாட்டின் தலைவருக்குத் தம் கையால் ஒரு கடிதம் எழுத வேண்டும். அக்கடிதங்கள் அங்கே பாதுகாக்கப்பட்டுள்ளன. எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ஆயினும் ஆண்டுதோறும் முதலாமாண்டு மாணவர்களின் எழுத்தைத் திருத்தும் எனக்கு அந்த எழுத்து நன்கு தெரிந்தது. தாளை அழுத்திய கோடுகள், வரியைவிட்டு மேலேறும் சொற்கள், சமமில்லாத இடைவெளிகள். எழுதியவர்கள் பேரன் பேத்தி எடுத்தவர்களாகவும் இருந்திருக்கலாம். அதன்முன் நெடுநேரம் நின்றேன்.

விடுதிக்குத் திரும்பும் வழியில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒரு கேள்வி எழுப்பினார். “கல்விச் சுற்றுலா என்று பெற்றோரிடம் பணம் வாங்குகிறோம். ஒரே நாளில் ஐந்து இடங்கள். அருங்காட்சியகத்தில் அரை மணி நேரம், கேளிக்கைப் பூங்காவில் நான்கு மணி நேரம். இதில் கல்வி எங்கே, ஐயா?” பேருந்தில் எவரும் மறுமொழி கூறவில்லை.

அன்று முதல் அக்கேள்வி என்னை விட்டு அகலவில்லை. ஐந்து இடங்களுக்குப் பதில் ஓரிடம் போதாதா? கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கிற்கு மாணவர்களை அழைத்துச் செல்வோம். புக்கிட் பத்து பகாட் சண்டியின் கற்படிகளருகே ஒரு மணி நேரம் அமர்த்துவோம். அளக்கட்டும், வரையட்டும், அங்கேயே ஒரு பத்தி எழுதட்டும். அது கணிதம், அது வரலாறு, அது தமிழ். அவ்வளவு தொலைவு செல்ல இயலாவிடில், நம் ஊரின் பழைய தோட்டத்துக் கோயில் இருக்கிறது. அதன் கதையைச் சொல்ல ஒரு பாட்டி இருப்பார்.

பெற்றோர்களே, அடுத்த சுற்றுலாவுக்குப் பணம் கட்டும்போது, “எங்கே போகிறீர்கள்?” என்பதோடு, “அங்கே என்ன எழுதப் போகிறீர்கள்?” என்றும் பிள்ளையைக் கேளுங்கள். ஆசிரியர்களே, அக்கேள்விக்கான விடையைப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புவது நம் கடமை.