அமானித மின்சாரம்



திருக்குர்ஆனின் 83-ஆவது அத்தியாயமான அல்முதஃப்பிஃபீனைப் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிறேன். அளவிலும் நிறுவையிலும் குறைவு செய்வோரைக் குறித்த அந்த அத்தியாயத்தை விளக்கும்போதெல்லாம் அரிசிக் கடைப் படியையும் காசிமேட்டு மீன் தராசையுமே உதாரணமாகக் காட்டுவேன். என் கையிலும் ஒரு குறைப்படி இருந்ததை நான் அறிந்துகொள்ள ஒரு மின்சாரக் கார் தேவைப்பட்டது.

2024-ஆம் ஆண்டில் என் தம்பி வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டபோது தன் சிறிய மின்சாரக் காரை என்னிடம் விட்டுச் சென்றான். எங்கள் அத்தாவுக்குச் சிறுநீரகம் பழுதுற்று, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடைபெறுகிறது. திருவொற்றியூரிலிருந்து ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஆட்டோவில் குலுங்கிப் போய்த் திரும்பும் சிரமம் நீங்கியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நான் குடியிருக்கும் சந்தில் ஒரு தள்ளுவண்டி நிறுத்தவும் இடமில்லை. மத்ரஸா வளாகத்தில் காரை நிறுத்தி, அங்குள்ள பிளக்கில் சார்ஜ் செய்துகொள்ள நிர்வாகத்தார் மனமுவந்து அனுமதித்தனர். மின்சாரத்துக்குரிய தொகையைச் செலுத்திவிடுவதாக நானே முன்வந்து சொன்னேன். மத்ரஸா வக்ஃபுச் சொத்து. அதன் மின்சாரமும் வக்ஃபுக்கு உரியதுதானே!

காரின் திரையில், ஓடிய தூரமும் செலவான யூனிட்டும் தெரியும். அதைப் பார்த்து, மத்ரஸாவின் பில்லில் உள்ள விகிதப்படி மாதந்தோறும் பணம் கட்டி ரசீது வாங்கி வந்தேன். பதின்மூன்று மாதங்களில் 640 யூனிட்டுகளுக்குக் கட்டியிருந்தேன். கணக்கு நேர்மையாக இருக்கிறது என்ற நிம்மதியும், சற்றுப் பெருமையும்கூட என்னிடம் இருந்தன.

ஒரு நாள் ஃபஜ்ருக்கு முன் பிளக்கைப் பிடுங்கச் சென்றபோது வயர் வெதுவெதுப்பாக இருந்தது. அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? மின்சாரம்தானே சூடாக மாறியிருக்க வேண்டும்? அப்படியானால் அந்த மின்சாரம் காருக்குப் போய்ச் சேரவில்லை. காரின் திரைக்கு அதைப்பற்றி எதுவும் தெரியாது. மத்ரஸாவின் மீட்டருக்குத் தெரியும்.

அந்த வாரமே ரிச்சி தெருவுக்குச் சென்று, பிளக்கில் பொருத்தும் சிறு மீட்டர் ஒன்றை வாங்கி வந்தேன். ஒரு நோட்டில் மூன்று கட்டங்கள் போட்டு, தூரம், திரை காட்டும் யூனிட், சுவரில் ஏறிய யூனிட் ஆகியவற்றைக் குறித்து வந்தேன். இரண்டு மாதம் சென்றபின் கூட்டிப் பார்த்தேன். ஓடியது 980 கிலோமீட்டர். திரை காட்டியது 105 யூனிட். சுவரிலிருந்து எடுத்ததோ 123 யூனிட். சுவரில் எடுத்ததில் ஏறத்தாழ 15 விழுக்காடு எங்கோ மறைந்திருந்தது.

நான் கலைப்பிரிவில் பட்டம் பெற்றவன். விஞ்ஞானம் எனக்குத் தூரம். எங்கள் மஹல்லாவின் எலக்ட்ரீசியன் ஒருவர்தாம் விளக்கினார். சுவரில் வருவது மாறுமின்சாரம்; பேட்டரி ஏற்பதோ நேர்மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவி காருக்குள் இருக்கிறது; மாற்றும்போது ஒரு பங்கு சூடாகக் கழிகிறது. அதோடு, சார்ஜ் ஏறும் நேரம் முழுவதும் காரின் மூளையும் குளிரூட்டும் சாதனமும் விழித்திருக்கின்றன. சாதாரண வீட்டு பிளக்கில் மெதுவாக ஏற்றினால், அவை விழித்திருக்கும் நேரம் நீள்கிறது. பேட்டரி நிறையும் தறுவாயில் மின்சாரம் சொட்டுச் சொட்டாகவே ஏறுமாம்; என் நோட்டும் அப்படியே சொன்னது. ஒரு நாள் இரவு சிறிதளவே ஏற்றியபோது திரைக் கணக்கில் 2 யூனிட், சுவரில் 2.7 யூனிட்! ஒழுகும் குடத்தில் தண்ணீர் சுமப்பவர் வீட்டில் வந்து அளந்தால் ஒரு கணக்கு, கிணற்றடியில் அளந்தால் வேறு கணக்கு.

ஜெர்மனியின் வாகன ஓட்டுநர் சங்கமான ஏடிஏசி, 2022-இல் சில கார்களை அளந்து, வீட்டு பிளக்கில் 10 விழுக்காட்டுக்கும் மேல் விரயமாவதையும், தனிச் சார்ஜிங் பெட்டி பொருத்தினால் அது குறைவதையும் கண்டது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சுவரிலிருந்து எடுத்த மின்சாரத்தையே ஒரு காரின் செலவாகக் கணக்கிடுகிறது. அவர்கள் அளப்பது கிணற்றடியில்.

விளம்பரங்கள் சொல்லும் தூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ஆய்வுக்கூடத்து உருளையின்மேல், குளிர்சாதனம் இல்லாமல் ஓட்டிக் கண்ட தூரம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் பின்னே மே மாத வெயிலில் நகர்ந்து பாருங்கள்! பிரேக் பிடிக்கும்போது சிறிது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புவது உண்மை. ஆனால் டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து வரும் அத்தாவுக்காக ஏ.சி.யை முன்னதாகவே ஓடவிட்டு நிற்கிறேனே, அப்போது தூரம் கூடுவதில்லை. யூனிட் மட்டும் கூடுகிறது. அதை வீண் என்று நான் எழுதமாட்டேன்.

மறைந்த 18 யூனிட்டும் வானத்திலிருந்து வந்தவையல்ல. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டுவிட்டாலும், அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரி எரிந்துகொண்டுதான் இருக்கிறது. நிலக்கரியில் பிறக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அரைக் கிலோவுக்கு மேல் கரி வேண்டும். சாம்பல் படிவதோ நம் அண்டை வீட்டார் வாழும் கொசஸ்தலை ஆற்றங்கரையில்.

பழைய 640 யூனிட்டுக்கு இதே விகிதத்தில் கணக்கிட்டேன். 110 யூனிட் குறைவாகக் கட்டியிருந்தேன்! சந்தேகத்துக்கு இடமின்றி 125 யூனிட்டுக்கு உரிய தொகையாக, ஏறத்தாழ ஆயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு செயலாளர் ஹாஜியாரிடம் போனேன்.

"ஹஜ்ரத், தங்களிடம் நாங்கள் கணக்கா கேட்டோம்? அத்தாவின் வைத்தியத்துக்கு ஓடுகிற வண்டி! இதை விட்டுவிடுங்கள்" என்றார்.

"நீங்கள் கேட்கவில்லை, ஹாஜியார். கேட்கப்படும் இடம் வேறு இருக்கிறது. உங்கள் சொந்தப் பணமாக இருந்தால் நீங்கள் விட்டுக்கொடுக்கலாம், வக்ஃபை விட்டுக்கொடுக்க உங்களுக்கும் உரிமையில்லையே" என்றேன்.

உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் சொந்தப் பேச்சு தொடங்கியதும் அரசாங்க விளக்கை அணைத்த நிகழ்ச்சியை மேடைதோறும் நாம் சொல்கிறோம். அதை நான் பிள்ளைகளுக்குச் சொன்ன மாலைப்பொழுதுகளிலும் என் கார் சுவரோரம் சார்ஜ் ஏறிக்கொண்டுதான் இருந்தது. இதை நினைக்கும்போது இன்றும் முகம் சுருங்குகிறது.

ஹாஜியார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். இப்போது அந்தச் சிறு மீட்டர் பிளக்கிலேயே நிரந்தரமாக இருக்கிறது. பக்கத்து ஆணியில் நோட்டும் தொங்குகிறது. சென்ற வாரம் ஹாஜியார் அந்த மீட்டரை இரண்டு நாள் இரவல் கேட்டார். அவருடைய பேரனின் மின்சார ஸ்கூட்டர், இரவு நேரங்களில் பள்ளிவாசல் தாழ்வாரத்தில்தான் சார்ஜ் ஆகிறதாம்.