சத்தியில் தலைவலி வந்தால்...

திம்பம் மலைப்பாதையைப் பற்றிப் பேச்சு வந்தால் சத்தியமங்கலத்துக்காரர்கள், "27 ஹேர்பின் பெண்டுங்கோ!" என்பார்கள். ஏதோ அவர்களே வளைத்து வைத்த மாதிரி! பஸ்ஸில் கடைசி சீட்டு கிடைத்தவனுக்கு மண்டை 'விண் விண்' என்று தெறிக்கும்.

கூட வந்த அமெரிக்க மச்சானுக்குத் தெறித்தது. இறங்கியதும் மெடிக்கலில், "டைலனால் இருக்கா?" என்றார்.

கடைப் பையன் என்னைப் பார்த்தான். "என்னங்ண்ணா கேக்கறாரு?"

"அசிட்டமினோஃபென்!" விளக்கினார் மச்சான். விளங்கினாற்போலத்தான்.

"டோலோ குடு தம்பி" என்றேன். முடிந்தது.

எல்லாம் ஒரே சரக்கு சார். பாரா-அசிட்டைல்-அமினோ-ஃபீனால் என்ற ரயில் வண்டிப் பெயரை இங்கிலாந்துக்காரன் ஒரு மாதிரி கத்தரித்து பாராசிட்டமால் என்றான். அமெரிக்காக்காரன் வேறு மாதிரி கத்தரித்தான். அதற்கு மேல் கம்பெனிகளின் செல்லப் பெயர்கள். இங்கே குரோசின், கால்பால், டோலோ. இலங்கை, சிங்கப்பூர், துபாயில் பனடோல்.

மச்சான் அதோடு நிற்கவில்லை. பையைத் துழாவி டைலனாலையும் எடுத்துவிட்டார். "ரெண்டும் வேற வேறதானே?" கையைப் பிடித்துக்கொண்டேன். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் எல்லை. பெயர் எத்தனை இருந்தாலும் கல்லீரலில் பற்று எழுதுவது ஒரே கணக்கில்தான். (பி.காம். படித்தது வீண் போகவில்லை!)

திம்பத்துக்குக் கீழே, மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இந்தக் கணக்கு ரொம்பவே உதைத்தது. வெளிநாட்டில் வோல்ட்டரென், இங்கே வோவெரான்... டைக்லோஃபெனாக். வலிக்கு மாட்டுக்கும் போட்டார்கள். செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுக்குச் சிறுநீரகம் போய்விடும். 2004-ல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். 2006-ல் மாட்டு வைத்தியத்தில் தடை. உடனே மனுஷனுக்கான பெரிய குப்பி தொழுவத்துக்குப் போனது. 2015-ல், குப்பி 3 மில்லியைத் தாண்டக்கூடாது என்றார்கள். மாட்டுக்கு அது எந்த மூலைக்கு! அப்புறம் அசிக்லோஃபெனாக் வந்தது. மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்லோஃபெனாக் ஆகிவிடும். சட்டை மாற்றிய அதே ஆள். 2023-ல் அதற்கும் தடை விழுந்தது. தென்னிந்தியாவில் பாறு கூடு கட்ட மிஞ்சிய சில இடங்களில் மோயாறும் ஒன்று.

அடிவாரத்தில் மாடு வைத்திருக்கும் மாமாவுக்கு, பாறுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகாம் பெயரை எழுதிக் கொடுத்து, "மாட்டு டாக்டர்கிட்ட இதைக் கேளுங்க" என்றேன்.

"பேரு வாயில நொழையலீங் மாப்ளே!"

"குப்பியில கம்பெனி வெச்ச பேரும் இருக்கும் மாமா. கூடவே இந்தப் பேரும் எழுதியிருக்கும் பாருங்க, அதுதான் மருந்து."

மாமா கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார்.