எனக்கென்று மூன்று சோலி

சின்ன வெங்காயத்தை நான் கால் கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை. தீர்ந்தால்தானே மறுபடி கடைக்குப் போக முடியும்! இந்தச் சூட்சுமம் மருமகளுக்கு இன்னும் தெரியாது. "அத்தை, அதுக்குள்ள தீர்ந்துபோச்சுங்களே" என்பாள். "வெல ஏறிக் கெடக்குது கண்ணு" என்று சமாளித்துவிடுவேன். சிங்கப்பூரில் விலையைச் சொல்லி யாரையும் நம்பவைக்கலாம். நானே வெள்ளியை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் எதையும் கூடையில் போடுகிறேன்.

திருச்செங்கோட்டில் தபாலாபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வுபெற்றவள் நான். வீட்டுக்காரர் போனபின் மகன் இங்கே கூட்டிவந்துவிட்டான். செங்காங்கில் அடுக்குமாடி வீடு. வேலைக்கு வந்தவர்கள் அப்பா அம்மாவை நீண்டகாலப் பாஸில் வைத்துக்கொள்ள மாதம் 12,000 வெள்ளியாவது சம்பளம் வாங்க வேண்டும். அவன் வேலை போனால் என் பாஸும் போகும். இந்த ஊர்ப் பெரியவர்களுக்கு உண்டான மருத்துவச் சலுகை, பஸ் சலுகை எதுவும் எங்களுக்குக் கிடையாது. அதில் குறைப்பட ஒன்றுமில்லை, நாம் வரி கட்டிய ஊரா இது? பிரஷர் மாத்திரை ஊரிலிருந்தே வருகிறது. அதுவும் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவுதான் கொண்டுவரலாம்.

வந்த புதிதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தொல்லையே அதுதான். அரிசி, பால், கீரை எல்லாம் ஃபோனில் தட்டினால் வாசலுக்கு வந்துவிடும். கரண்ட் பில் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும். "நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா" என்பான் மகன். ஊரில் கேஸ் புக் பண்ணுவது, ரேஷன், பாங்க் என்று ரத வீதிகளில் ஒரு நடை போய் வந்தால் நான்கு பேர் நிறுத்தி விசாரிப்பார்கள். இங்கே நான் எங்கே போகிறேன் என்று கேட்க ஆளில்லை. போவதற்கு ஓரிடமும் இல்லை.

அப்போதுதான் பழைய ஆள் ஒருவர் நினைவுக்கு வந்தார். வயசானவர், தறி வைத்திருந்தவர். கணக்கில் ஒரு பைசா நகர்ந்திருக்காது. ஆனாலும் வரிசையில் நின்று வந்து, "என்ட்ரி போட்டுக் குடுங்க அம்மணி" என்று பாஸ்புக்கை நீட்டுவார். போட ஒன்றுமில்லையே என்று திருப்பித் தருவேன். வாங்கிக்கொண்டு உடனே போகமாட்டார். நூல் விலை, மழை, யார் வீட்டு ரிக் வண்டி எந்த மாநிலத்தில் போர் போட்டுக்கொண்டு நிற்கிறது என்று பெஞ்சில் இருப்பவர்களோடு பேசிவிட்டு, மத்தியானச் சோற்று நேரத்துக்குக் கிளம்புவார். அவர் எதற்காக வந்தார் என்று செங்காங் வந்தபிறகுதான் எனக்கு விளங்கியது.

முதலில் காய் வாங்குவதை என் கைக்குக் கொண்டுவந்தேன். வடகிழக்குப் பாதை ரயிலில் ஏறினால் மாறாமல் லிட்டில் இந்தியா. நிலையத்தின் பெயரைத் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, பாவக்காய் எல்லாம் நம் சந்தை மாதிரியே குவிந்து கிடக்கும். பேரம் பேசுவேன். குறைக்க மாட்டார்கள், ஆனால் பேசுவார்கள். எனக்கு அது போதும். 2023 ஜூலையிலிருந்து பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் பிளாஸ்டிக் பை ஒன்றுக்கு ஐந்து காசாவது தர வேண்டும் என்று வந்தது. அதற்கு முன்பிருந்தே என் தோளில் மஞ்சப்பை.

திரும்பும்போது எங்கள் புளோக் அருகிலுள்ள காப்பிக் கடையில் 'தே ஓ கொசோங்'. பாலும் சர்க்கரையும் இல்லாத டீ. முதல் தடவை அப்படிச் சொல்லிக் கேட்கவே வாய் கூசியது. இப்போது என்னைக் கண்டதும் கடைக்காரச் சீனத்தம்மா குவளையை எடுத்துவிடுவார். குடித்ததும் தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும், காப்பிக் கடைகளில் 2022 முதல் அது சட்டம். எங்கள் ஊரில் இப்படி ஒரு சட்டம் போட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன செய்வார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

சாலை கடப்பதில் ஒரு சங்கதி. சிக்னல் கம்பத்தில் சின்னப் பெட்டி இருக்கும். முதியவர்கள் தங்கள் சலுகை அட்டையை அதில் காட்டினால் பச்சை மனிதன் மூன்றிலிருந்து பதின்மூன்று விநாடி வரை கூடுதலாக நிற்பான். 2009-இல் வந்த ஏற்பாடு. அந்த அட்டை எனக்குக் கிடையாது. ஒருநாள் முட்டிவலியோடு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த சீனப் பெரியவர் என் மஞ்சப்பையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், தன் அட்டையை எடுத்துப் பெட்டியில் வைத்தார். கடந்து முடித்ததும் அவர் அந்தப் பக்கம் வரவே இல்லை என்று தெரிந்தது. அவர் போகவேண்டிய திசை வேறு.

இரண்டாவது சோலி நூலகம். கம்பஸ் ஒன் கடைத்தொகுதிக்குள்ளேயே இருக்கிறது. 1935-இல் தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழை விரித்து வரி விளம்பரம் வரை வாசிப்பேன்.

மூன்றாவது என் பென்ஷன். நவம்பர் வந்தால் உயிரோடு இருப்பதாகச் சான்று தர வேண்டும். 2014-இல் அதற்கு விரல் ரேகை வைக்கும் ஜீவன் பிரமாண் முறை வந்தபின் அந்த மாசம் எங்கள் கவுன்ட்டரில் கூட்டம் நெரியும். உழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகையே பதியாது. துடைத்துத் துடைத்து வைப்போம். இப்போது முகத்தைக் காட்டினால் போதும். "நான் பண்ணித் தர்றேனுங்கம்மா" என்றான் மகன். வேண்டாம் என்றுவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, கண்ணை இமை என்றால் இமைத்து, சரியில்லை என்றால் மறுபடியும் நின்று நானே முடித்தேன். ஓடிபி வருவது ஊர் நம்பருக்கு. அந்த சிம் கார்டு உயிரோடு இருந்தால்தான் நானும் உயிரோடு இருப்பதாகக் கணக்கு. அதனால் ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

இந்த மூன்றிலும் யாரும் கைவைக்கக் கூடாது என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லியாயிற்று. பால் மட்டும் இப்போதும் ஃபோனில்தான் வருகிறது. அது கனம், யார் தூக்குவது?