ஊதா மை

கன்டெய்னர் யார்டு ஒன்றில் புது மென்பொருளை நிறுவுவதற்காகத் தூத்துக்குடி போயிருந்தேன். கையில் அறுநூறு பக்க பிடிஎஃப். எடை பற்றிய பகுதி அதில் தெளிவாகவே இருந்தது: சரக்கின் எடையை மட்டும் அனுப்பினால் போதும், காலிப் பெட்டியின் எடையை மென்பொருளே கூட்டிக்கொள்ளும். அப்படியே கோட் எழுதினேன். டெஸ்டிங்கில் எல்லாம் பச்சை.

மூன்றாம் நாள் வே பிரிட்ஜ் அண்ணாச்சி கூப்பிட்டார்.

“தம்பி, உங்க கம்ப்யூட்டர்ல எல்லாப் பெட்டியும் ரெண்டேகால் டன் இளைச்சிருக்கே?”

அவர் சிரித்தார். எனக்கு வியர்த்தது. இருபதடிப் பெட்டியின் காலி எடை ஏறக்குறைய அவ்வளவுதான். முந்தைய பதிப்பு அதைக் கூட்டிக்கொண்டிருந்தது. புதிய பதிப்பு கூட்டுவதில்லை. பிடிஎஃப்பில் அட்டையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

எந்தப் பெட்டி அடியில், எது மேலே என்று கப்பலில் முடிவுசெய்வது இந்த எண்ணை வைத்துத்தான். 2007 ஜனவரியில் எம்எஸ்சி நெப்போலி ஆங்கிலக் கால்வாயில் சேதமடைந்து கரைதட்டிய பிறகு, மேல்தளத்தில் நனையாமல் இருந்த சுமார் 660 பெட்டிகளை நிறுத்துப் பார்த்தார்கள். 137 பெட்டிகளில், அறிவித்த எடைக்கும் உண்மை எடைக்கும் மூன்று டன்னுக்கு மேல் வித்தியாசம். சரிபார்த்த எடை இல்லாமல் பெட்டியை ஏற்றக்கூடாது என்ற சர்வதேச விதி 2016 ஜூலை 1-இல்தான் அமலுக்கு வந்தது.

நான் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டேன். கோடில் ஒரு வரி கமெண்ட்: ‘டாக்குமென்டை நம்பாதே.’ விற்ற கம்பெனிக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். முத்துநகர் எக்ஸ்பிரஸைப் பிடிக்கிற அவசரம்.

எட்டு மாதம் கழித்து வேறோர் ஊர் யார்டிலிருந்து ஒரு பெண் ஃபோன் செய்தாள். அதே பக்கம், அதே ரெண்டேகால் டன். கண்டுபிடிக்க அவர்களுக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது.

“அண்ணா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

தெரியும் என்று சொல்ல ரொம்ப நேரம் ஆனது.

கப்பலில் செகண்ட் ஆபீசராக இருந்த மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் பழைய கடல் வரைபடம் ஒன்றை விரித்தார். ஒரு மிதவை இடம் மாறினாலும், புதிதாக ஒரு பாறை தெரியவந்தாலும் திருத்த அறிவிப்பு வரும். அதை ஊதா மையில் வரைபடத்தில் குறித்து, கீழே இடது மூலையில் வருடத்தையும் திருத்த எண்ணையும் எழுத வேண்டும். “மொதல்ல இந்த மூலையத்தான் பாப்போம். மத்ததெல்லாம் பொறவு,” என்றார்.

இதே கடலில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. குளிப்பை அறிவிக்கும் முன் பாரில் ஆளை இறக்கி, சிப்பியை எடுத்துத் திறந்து, முத்தை மதிப்பிட்டுப் பார்ப்பார்கள். போன முறை நிறைய இருந்தது என்கிற குறிப்பு போதாது. அதற்குள் பாரே வெறுமையாகியிருக்கலாம். தாளில் இருப்பது பழைய கடல் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் தெரிந்ததை நான் மட்டும் வைத்துக்கொண்டேன்.

அன்றிரவே கம்பெனிக்கு எழுதினேன். அடுத்த பதிப்பில் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பிடிஎஃப்பை யாருக்கு அனுப்பினாலும் என் பிரதியைத்தான் அனுப்புகிறேன். முதல் பக்கத்தின் இடது மூலையில், ஊதா எழுத்தில், இதுவரை பதினொரு திருத்தங்கள். ஆறாவது அந்தப் பெண் கண்டுபிடித்தது.